எங்கே நின்று பார்க்கிறோம்? மன்னாரில் ஒரு கமராப் பயணம்

தை மாதத்து அதிகாலை ஒன்றில் வவுனியா பஸ் நிலையத்தில் நாங்கள் மூன்று பேர் மன்னார் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். ஒருவர் எங்கள் சுயதொழில் குழுவின் தலைவி. 2009இல் கணவரை இழந்து, ஒரு தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். எங்கள் எல்லோருக்கும் அவர் பெரியக்கா. மற்றவர் இருபத்தொரு வயதுத் தங்கச்சி. குழுவில் கடன் எடுத்துப் பாவித்த கமரா ஒன்றை வாங்கியிருக்கிறார். சாமத்திய வீடு, கலியாண வீடு, பிறந்தநாள் என்று படமெடுத்துக் குடும்பத்துக்கு உழைக்கவேண்டும் என்பது அவரது எண்ணம். மூன்றாவது ஆள் நான்.

கமராவின் வில்லையில், அதாவது லென்ஸில், 18–55 என்று எழுதியிருந்தது. "இது என்ன மிஸ், ஆக்களின்ர வயசோ?" என்று தங்கச்சி பகிடியாகக் கேட்டார். அந்த இரண்டு எண்களையும் விளங்கிக்கொள்ளத்தான் இந்தப் பயணம்.

எனக்கு அந்த எண்களோடு ஒரு பழைய கணக்கும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து வெளியேறி வேலையில் சேர்ந்த புதிதில், 2012இல், மாந்தை மேற்கில் மீள்குடியேறிய ஒரு தாயின் தகரக் கொட்டிலைப் படமெடுத்து, வீட்டு உதவிக்கான விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுத்தேன். பத்தடிக்குப் பத்தடி ஓர் அறை. அதில் ஐந்து பேர். வாசலில் நின்றபடியே 18இல் வைத்து, அறை முழுவதும் விழுமாறு எடுத்தேன். நல்ல படம் என்று எனக்குள் மகிழ்ச்சி. விண்ணப்பத்தைப் பார்த்த அலுவலர், "மண்டபம் மாதிரி இடம் இருக்கிறதே, இதைவிட மோசமாக இருப்பவர்களுக்கு முதலில் கொடுப்போம்" என்று சொல்லி ஒரு பக்கத்தில் வைத்துவிட்டார். அந்தத் தாய் இன்னொரு மாரியையும் தகரத்தின் கீழ் கழித்தார். பிழையை அலுவலரின் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. நான் கொடுத்த படத்தில் அந்த அறை மண்டபம் போலத்தான் இருந்தது.

தேத்தண்ணிக் கடையில் ஒரு பாடம்

வவுனியாவிலிருந்து போகும் பஸ் பறயனாலங்குளத்தில் மதவாச்சி வீதியுடன் சேர்ந்து, மடுச் சந்தியைத் தாண்டி முருங்கனுக்கு வருகிறது. அங்கே இறங்கி ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். கடையின் உட்புறம் இருட்டு. வெளியே நல்ல வெயில். வீதியின் மறுகரையில் ஒரு பஸ் எங்களைப் பார்த்தபடி நின்றது. பாடத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

பெரியக்காவின் வெள்ளெழுத்துக் கண்ணாடியை வாங்கினேன். அது +2 கண்ணாடி. கண்ணாடியை வாசல் பக்கம் பிடித்து, அதன் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, தாளை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். ஏறத்தாழ அரை மீற்றர் வந்ததும் தாளில் அந்த பஸ் தெரிந்தது. மங்கலாக, தலைகீழாக, உள்ளங்கை அளவில். பெரியக்கா கண்ணாடி இல்லாமலே குனிந்து பார்த்து, "எங்கட பஸ் கவிண்டு கிடக்குது" என்று சிரித்தார்.

பிறகு தங்கச்சியின் தம்பியுடைய பூதக்கண்ணாடியை அதே இடத்தில் பிடித்தோம். இந்த முறை தாளை வில்லைக்கு மிகக் கிட்ட, பத்துச் சென்ரிமீற்றரில் பிடித்தபோதே பஸ் தெளிந்தது. ஆனால் முத்திரை அளவுதான் இருந்தது. பஸ்ஸைச் சுற்றியிருந்த மரமும் கடையும் வானமும்கூட அந்தச் சிறிய இடத்துக்குள் வந்துவிட்டன.

குவியத்தூரம் என்பது இவ்வளவுதான். மிகத் தூரத்தில் இருக்கும் பொருளின் உருவம், வில்லைக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் தெளிவாக விழுகிறதோ அந்தத் தூரம். கமரா வில்லையில் எழுதியிருக்கும் எண் அதை மில்லிமீற்றரில் சொல்கிறது. எண் கூடினால் உருவம் பெரிதாகும், உள்ளே வரும் காட்சி குறையும். எண் குறைந்தால் உருவம் சிறிதாகும், காட்சி அகலும். 18–55 என்றால் அந்த வில்லையைத் திருகி 18 மில்லிமீற்றரிலிருந்து 55 வரை மாற்றலாம் என்று பொருள். வீட்டிலும் இதைப் பிள்ளைகளுடன் செய்து பாருங்கள். சூரியனை நோக்கி மட்டும் பிடிக்க விடாதீர்கள். தாளும் கண்ணும் கருகிவிடும்.

கட்டுக்கரைக் குளமும் பாலத்தடிப் பூநாரைகளும்

முருங்கனைத் தாண்டினால் கட்டுக்கரைக் குளம். மாரி மழை நிரப்பிவிட்டிருந்த தண்ணீர் கண்ணுக்கெட்டிய மட்டும் கிடந்தது. தங்கச்சி கமராவை 18இல் வைத்து எடுத்தார். படத்தைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. அவ்வளவு பெரிய குளம் படத்தின் நடுவே ஒரு மெல்லிய கோடாகக் கிடந்தது. மிச்சமெல்லாம் வானமும் வெறும் நிலமும்.

18இல் அந்தக் கமரா ஏறத்தாழ 75 பாகைக் கோணத்தைப் பார்க்கிறது. வீட்டுச் சுவர் மூலை 90 பாகை என்று வைத்துக்கொண்டால் அதற்குச் சற்றுக் குறைவு. 55இல் 30 பாகைகூட இல்லை. இப்படி நிறைய இடத்தைப் பார்க்கும் வில்லையை அகலக்கோண வில்லை என்கிறார்கள். அது எல்லாவற்றையும் உள்ளே எடுக்கும். ஆனால் தூரத்தில் உள்ளதை இன்னும் தூரத்தில் உள்ளதுபோலக் காட்டும். ஆகவே முன்னால் ஏதாவது வேண்டும். தங்கச்சி அணைக்கட்டில் நின்ற ஒரு மரத்தின் வேருக்குக் கிட்டப் போய்க் குந்தியிருந்து மறுபடி எடுத்தார். முன்னால் முறுக்கிய வேர், அதற்கு அப்பால் தண்ணீர், கடைசியில் மறுகரை. இப்போதுதான் குளத்தின் பெருமை படத்தில் தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். கமராக்களின் உள்ளே ஒளியை வாங்கும் தகடு எல்லாவற்றிலும் ஒரே அளவு இல்லை. பழைய பிலிம் சட்டம் 36க்கு 24 மில்லிமீற்றர். அந்தச் சட்டத்துக்கு 50 மில்லிமீற்றர் வில்லையைச் சாதாரண வில்லை என்பார்கள். கூடுதலாகவும் அகலாமல், கூடுதலாகவும் நெருங்காமல் காட்டும். எங்களுடைய கமராவின் தகடு அதைவிடச் சிறியது. ஆகவே எண்ணை ஒன்றரையால் பெருக்கிப் பார்க்கவேண்டும். எங்கள் 18 பழைய கணக்கில் 27. எங்கள் 55 ஏறத்தாழ 82. சாதாரண வில்லை வேண்டுமென்றால் 35இல் வைக்கவேண்டும். கைத்தொலைபேசியில் தகடு மிகச் சின்னது. அதற்குச் சொல்லப்படும் 24, 26 போன்ற எண்கள் பழைய கணக்குக்கு மாற்றிச் சொன்னவை. அதாவது உங்கள் கையில் இருக்கும் போனின் வழமையான கமராவே ஓர் அகலக்கோணக் கமராதான்.

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதி ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளம். அதிலிருந்த பாலம் 1990இல் தகர்க்கப்பட்டது. இப்போதுள்ள பாலம் 2010இல் திறக்கப்பட்டது. வழியெங்கும் இரு பக்கமும் ஆழம் குறைந்த கடல்நீர். அதில் மாரி காலத்தில் வரும் பூநாரைகள் நின்றன. அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

பறவைகள் நூறு மீற்றர் தள்ளி நின்றன. 55இல் எடுத்தால் ஒவ்வொன்றும் படத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. வெள்ளைப் புள்ளிகள். கிட்டப் போகலாம் என்று தங்கச்சி நாலடி வைத்தார். கரையோரம் நின்ற கூட்டம் எழுந்து பறந்துவிட்டது. இரை தேடும் பறவையைக் கலைப்பது நல்லதல்ல. இரவல் வாங்கி வந்த 55–200 வில்லையைப் போட்டு 200இல் வைத்தோம். வளைந்த அலகும் சிவந்த காலும் தெரிந்தன. ஆனால் முதல் மூன்று படமும் கலங்கிப்போயின. நீண்ட வில்லை பொருளைப் பெருக்குவதுபோல எங்கள் கை நடுக்கத்தையும் பெருக்கும். 200இல் எடுக்கும்போது ஒரு செக்கனில் முந்நூறில் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, மூச்சை நிறுத்தி எடுத்தபோது படம் தெளிந்தது.

பள்ளிமுனைப் பெருக்கமரம்

மன்னார் நகரத்துக்கு அருகே பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. ஆபிரிக்காவுக்குரிய மரம். அரேபிய வணிகர் கொண்டுவந்தது என்பது நம்பிக்கை. உயரம் ஏறத்தாழ ஏழரை மீற்றர்தான். அடிமரத்தின் சுற்றளவோ பத்தொன்பது மீற்றருக்கும் மேல். எங்கள் மூவரின் கைகளையும் கோத்தால் கால்வாசியைத்தான் அணைக்கலாம்.

55இல் வைத்தால் மரப்பட்டை மட்டும்தான் வந்தது. மரம் முழுவதும் விழ இருபது மீற்றருக்கும் மேல் பின்னால் போகவேண்டும். போக இடமில்லை. 18இல் வைத்ததும் ஏழெட்டு மீற்றரிலேயே முழுமரமும் வந்துவிட்டது. பின்னால் போக இடமில்லாத இடத்தில் அகலக்கோண வில்லை செய்யும் உதவி இது.

அதன் குறும்பையும் அங்கேயே கண்டோம். தங்கச்சி கமராவை அண்ணாந்து பிடித்தபோது மரம் பின்னால் சாய்வதுபோல வந்தது. கமராவை மட்டமாகப் பிடித்ததும் நிமிர்ந்தது. பெரியக்காவையும் என்னையும் மரத்தடியில் நிறுத்தி எடுத்த படத்தில், ஓரத்தில் நின்ற பெரியக்கா பக்கவாட்டில் இழுபட்டிருந்தார். "நான் இவ்வளவு மொத்தமோ பிள்ளை?" என்று கேட்டார். இல்லை. அகலக்கோண வில்லை படத்தின் ஓரங்களை இழுக்கும். கலியாண வீட்டில் குடும்பப் படம் எடுக்கும்போது ஓரத்தில் நிற்கும் மாமியார் இப்படி வந்தால் அடுத்த வேலை கிடையாது. இடமிருந்தால் நாலடி பின்னால் போய், 30 அல்லது 35இல் வைத்து எடுக்கவேண்டும். இடமில்லையென்றால் ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, ஆட்களை நடுவுக்கு நெருக்கி நிறுத்தவேண்டும்.

பேசாலைக் கரையில்

மறுநாள் பேசாலைக்குப் போனோம். கருவாட்டு வாடியில் பெண்கள் வெயிலில் மீன் பரப்பிக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி தூரத்திலேயே நின்று 200இல் ஒரு முகத்தைக் குறிபார்த்தார். அந்தப் பெண் கண்டுவிட்டார். வன்னியிலிருந்து வந்து இங்கே வேலை செய்பவர். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டோம். கோபிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது என் மனதைவிட்டுப் போகவில்லை.

"2009இல முகாமில நாங்கள் அழுதுகொண்டு நிக்கேக்க, கம்பிக்கு அங்கால நிண்டு எடுத்தவங்கள் தங்கச்சி. கேக்கவுமில்லை, காட்டவுமில்லை. என்ர முகம் எந்தப் புத்தகத்தில கிடக்குதோ, எனக்குத் தெரியாது."

நீண்ட வில்லை பறவையைக் கலைக்காமல் எடுக்க உதவுகிறது. அதே வில்லை, ஒரு பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளுடைய துயரத்தை எடுத்துக்கொண்டு போகவும் உதவுகிறது. பறவையிடம் அனுமதி கேட்க முடியாது. மனுசியிடம் கேட்கலாம்.

அன்று அவர்களோடு இருந்து தேநீர் குடித்தோம். பிறகு அந்தப் பெண்ணே, "இப்ப எடு" என்றார். தங்கச்சி மிகக் கிட்டப் போய் 18இல் எடுத்தார். மூக்குப் பெருத்து, காது ஒதுங்கி, ஆளே மாறிவிட்டது. இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. கமரா மூக்கிலிருந்து 30 சென்ரிமீற்றரில் இருந்தால், காது ஏறத்தாழ 42 சென்ரிமீற்றரில் இருக்கும். மூக்கு காதைவிட 1.4 மடங்கு கிட்ட இருப்பதால் அவ்வளவுக்குப் பெருத்துத் தெரியும். ஒன்றரை மீற்றர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் நூறில் எட்டுப் பங்குதான். போனைக் கைநீட்டிப் பிடித்து எடுக்கும் படத்தில் நம் முகம் நமக்கே பிடிக்காமல் போவது இதனால்தான். குற்றம் முகத்தில் இல்லை, தூரத்தில். ஒன்றரை, இரண்டு மீற்றர் தள்ளி நின்று 55இல் எடுத்தபோது அவர் அவராகவே வந்தார். படத்தை அவருக்குக் காட்டினோம். "இதை எனக்கு அனுப்பு" என்றார்.

தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 30 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றின் அருகே போய் 18இல் எடுத்தால் முன்னால் உள்ளது பூதம்போலவும், மற்றவை ஊசிகள்போலவும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நின்றன. வரிசையின் முனைக்கு வெளியே தள்ளிப் போய் 200இல் எடுத்தால் எல்லாம் வேலிக்கதியால்போல நெருங்கி நின்றன. காற்றாலைகள் அசையவில்லை. அசைந்தவர்கள் நாங்கள்தான். பத்திரிகையிலோ போனிலோ ஒரு படத்தைக் காட்டி, "பார், எவ்வளவு நெருக்கம்" என்றோ "எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது" என்றோ ஒருவர் சொன்னால், எங்கே நின்று எடுத்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பழைய அறையில் மறுபடியும்

திரும்பும் வழியில் மாந்தை மேற்கில் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனோம். இப்போது கல்வீடு. பழைய தகர அறை பக்கத்தில் குசினியாக நிற்கிறது. அந்த அறையைத் தங்கச்சிக்குக் காட்டவேண்டும் என்பதுதான் என் மனதிலிருந்த இரண்டாவது நோக்கம்.

2012இல் நான் நின்ற அதே வாசலில் தங்கச்சியை நிறுத்தி, 18இல் எடுக்கச் சொன்னேன். மண்டபம் வந்தது. காலடியில் இருக்கும் நிலம் நீண்டு, எதிர்ச்சுவர் சிறுத்துத் தூரத்துக்குப் போய்விட்டது. விடுதி விளம்பரங்களில் சிறிய அறைகள் பெரிதாகத் தெரிவதும் இதே வழியில்தான். பிறகு அந்தத் தாயையே எதிர்ச்சுவரோடு நிற்கச் சொல்லி, பக்கத்தில் ஒரு கதிரையையும் ஒரு சுருட்டிய பாயையும் வைத்து, வாசலுக்கு வெளியே தள்ளி நின்று 35இல் எடுத்தோம். அறையின் நாலு மூலையும் வரவில்லை. ஆனால் அந்தச் சுவரில் ஓர் ஆளும் ஒரு கதிரையும் ஒரு பாயும் எவ்வளவு இடத்தைப் பிடிக்கின்றன என்பது தெரிந்தது. ஆளின் உயரம் எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல். அதை வைத்துப் பார்ப்பவர் அறையை அளந்துவிடுவார்.

2013இல் மறுபடி விண்ணப்பித்தபோது நான் கொடுத்தது இந்த மாதிரிப் படம்தான். அதோடு அளவுநாடாவால் அளந்த நீள அகலமும், இரவில் ஐந்து பாயும் விரித்துக் கிடந்தபோது எடுத்த ஒரு படமும், கிராம அலுவலரின் கடிதமும். அடுத்த பட்டியலில் அவரது பெயர் வந்தது. படத்தால்தான் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தமுறை படம் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லவில்லை.

கமராவின் திரையில் இரண்டு படங்களையும் அந்த அம்மாவுக்குக் காட்டினோம். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அண்டைக்கு நீ வாசல்லயே நிண்டு எடுத்துப்போட்டு ஓடிட்டாய் பிள்ளை. உள்ளுக்கு வந்து இருந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

நான் படித்த சமூகவியலும், வில்லையில் எழுதியிருந்த எண்ணும் எனக்கு அன்று சொல்லாததை அவர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார்.

சகோதரிகளே, எங்கள் வாழ்க்கையில் படத்துக்கு இப்போது நிறைய வேலை இருக்கிறது. வீட்டு விண்ணப்பம், வெள்ள நிவாரணம், பயிர்ச்சேதம், காணி அலுவல் என்று எல்லாவற்றுக்கும் போனை எடுத்து நீட்டுகிறோம். அப்படி எடுக்கும்போது சில விடயங்களை நினைவில் வையுங்கள். சிறிய இடத்தை எடுக்கும்போது அதற்குள் ஓர் ஆளையோ தெரிந்த ஒரு பொருளையோ நிறுத்துங்கள். போனில் 0.5 என்று காட்டும் மிக அகலக் கமராவை அறைக்குள் பாவிக்காதீர்கள். வெடிப்பு, ஒழுக்கு, சேதம் என்றால் தூரத்தில் நின்று ஒன்று, கிட்டப் போய் ஒன்று என்று இரண்டு படம் எடுங்கள். முகத்தை எடுப்பதென்றால் ஒன்றரை மீற்றர் தள்ளி நில்லுங்கள். எடுக்கமுன் கேளுங்கள், எடுத்தபின் காட்டுங்கள். வேறொருவர் உங்களை எடுக்க வந்தால், படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு நீங்களும் வெட்கப்படாதீர்கள்.

தங்கச்சி அடுத்த மாதம் ஒரு சாமத்திய வீட்டுக்குப் படமெடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். வவுனியாவுக்குத் திரும்பும் பஸ்ஸில், மணவறைக்கு முன்னால் எத்தனை அடி இடம் கிடைக்கும் என்று அளந்துவர முதல்நாளே போகப்போவதாகச் சொன்னார். கமராவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. எங்கே நிற்பது என்பதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தார்.